மூலமும் உரையும்

நூல்களை மதிப்பிடுவதே இலக்கியத் திங்களிதழின் கடன் என்று கருதுவோர், பழைய வீட்டுக் கணினி ஒன்றையும் அதில் நாம் நிறுவிய மென்பொருளையும் பற்றிய இக்கட்டுரையைக் கண்டு வியப்புறக் கூடும். ஆயினும் நாள்தோறும் நாம் வாசிப்பவற்றுட் பெரும்பகுதி இன்று தாளில் இல்லை; திரையிலே இருக்கின்றது. அத்திரையில் எது தோன்றும், எம்மொழியில் தோன்றும், எவருடைய விருப்பப்படி தோன்றும் என்பவற்றைத் தீர்மானிக்கும் எழுத்தொன்று திரைக்குப் பின்னால் உண்டு. அதனை எழுதியோர் மனிதர்; அதன் பயனைத் துய்ப்போர் மனிதர்; அதனை உடைமையாக்கி விற்போரும் மனிதரே. மனிதர் எழுதி மனிதர் வாசிக்கும் எதுவும் விமரிசனத்திற்குப் புறம்பானதன்று.

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள், மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் தனது பணிசெயல் முறைமைக்கு அளித்துவந்த வழமையான ஆதரவை நிறுத்திற்று. கணினியின் உறுப்புக்களை ஆண்டு, ஏனைய மென்பொருள்கள் தொழிற்பட இடங்கொடுக்கும் அடிப்படை மென்பொருளே பணிசெயல் முறைமை என்பதை நம் மாணவர் பாடநூலிற் படித்திருப்பர். அதனையடுத்த விண்டோஸ் 11, 4 கிகாபைட் நினைவகத்தையும், பாதுகாப்புக் கூறொன்றையும், 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பின் வெளிவந்த செயலிகளையும் வேண்டி நிற்கின்றது. இதன் பொருள் யாது? நேற்று இயங்கிய கணினி இன்றும் இயங்கும், தட்டுச் சுழலும், திரை ஒளிரும். ஆனால் அதனை விற்ற உலகம் அது செத்துவிட்டதென்று பதிவுசெய்து விட்டது. பழுதடைந்த பொருள் வேறு; பழுதென்று அறிவிக்கப்பட்ட பொருள் வேறு. இவ்வேறுபாட்டிலேதான் நமது விடயம் தொடங்குகின்றது.

தெல்லிப்பழையில் நம்மிடம் உயர்தரம் பயிலும் மாணவி ஒருத்தியின் வீட்டில் அத்தகைய கணினி ஒன்று இருந்தது. தகப்பனார் செம்மண் நிலத்தில் வெங்காயமும் மரவள்ளியும் செய்பவர். 2009ஆம் ஆண்டளவில் வெளிவந்த இரட்டை மையச் செயலி. 2 கிகாபைட் நினைவகம். 160 கிகாபைட் வன்தட்டு. யாழ்ப்பாண நகரிலே பழையதாக வாங்கியது. அதிலிருந்த விண்டோஸ் உரிமம் பெறாத பிரதி. இவ்வாறான பிரதியைக் காசின்றிக் கிடைத்த பேறாகவே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் அது காசின்றி வந்த அடிமைத்தனம். திருத்தவும் உரிமையில்லை, முறையிடவும் உரிமையில்லை, பழகிய பழக்கம் மட்டுமே நமக்கு மிஞ்சுகின்றது. புதியதொன்றை வாங்கலாமே எனின், 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை மறந்தோர் இந்நாட்டில் இல்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டிற்று. அன்று ஏறிய விலைப்படியில் நின்றே நம் கமக்காரர் இன்றும் கணக்குப் பார்க்கின்றனர்.

அவ்வன்தட்டிலே மாணவியின் பாடக் குறிப்புக்கள் மட்டும் இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பல்லாயிரம் குடும்பங்களுள் அதுவும் ஒன்று. போர் முடிந்தபின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது, தம் காணி தமதே என்று காட்டுவதற்காகப் படியெடுத்து வைத்த உறுதியும், பழைய வீட்டின் இரண்டொரு நிழற்படங்களும் அதிலே இருந்தன. ஆகவே, கணினியைத் திருத்தித் தருமாறு அவர்கள் நம்மை அழைத்தபோது கையளித்தது ஓர் இரும்புப் பெட்டியையன்று. முதலில் அவற்றையெல்லாம் வேறொரு தட்டிற் படியெடுத்து, அப்படிகள் செவ்வனே திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே நாம் வேலையிற் கைவைத்தோம்.

பழையதைப் பேணி நடத்துதல் யாழ்ப்பாணத்தவருக்குப் புதிய கலையன்று. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், மின்சாரமும் மின்கலமும் இல்லாத வீடுகளில் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பெற்றோல் கிடைக்காத தெருக்களில் ஒஸ்ரின் ஏ 40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வறுமையைப் பெருமையாக்குவது நம் நோக்கமன்று; தடையை விதித்தவர்க்கு அதனாற் பெருமையும் இல்லை. இவ்விடத்து நாம் மனங்கொள்ள வேண்டியது வேறு. அக்கார் அத்தனை காலம் ஏன் ஓடிற்று? அதன் மூடியைத் திறக்கலாம். உள்ளே எது எதனைச் சுழற்றுகின்றது என்று கண்ணாற் காணலாம். தேய்ந்த உறுப்பைக் கடைசற் பட்டறையிற் செய்து பூட்டலாம். திறக்க முடிந்த பொருளே திருத்த முடிந்த பொருள். திருத்த முடிந்த பொருளே தன் ஆயுளைத் தானே தீர்மானிக்கும். கணினியின் மென்பொருளுக்கும் இவ்விதி பொருந்துமா என்பதே நம்முன் நின்ற வினா.

நாம் தேர்ந்தது டெபியன் என்னும் முறைமை. 1993ஆம் ஆண்டு இயன் மேர்டொக் என்பவராற் தொடங்கப்பட்ட இது, எந்த முதலாளியின் உடைமையுமன்று. பல நாட்டுத் தன்னார்வலர் கூடி நடத்துவது. இதன் 13ஆம் பதிப்பு 2025 ஓகஸ்டில் வெளிவந்தது. மேசைக் கணினியாகப் பயன்படுத்துவதற்கு 2 கிகாபைட் நினைவகமும் 10 கிகாபைட் தட்டிடமும் இதற்குப் போதும். நிறுவுதற்குரிய கோப்பை ஒருமுறை இறக்கிப் பென் டிரைவ் ஒன்றில் எழுதிக்கொண்டோம். அதனை நூறு வீடுகளுக்குக் கொண்டுசெல்லினும் சட்டம் தடுக்காது. கொண்டுசெல்லுமாறு கூறுவதே அதன் உரிமம். கணினியை முடுக்குகையில் உரிய விசையை அழுத்தி, வன்தட்டை விடுத்துப் பென் டிரைவிலிருந்து தொடங்குமாறு பணித்தோம். மொழிகளின் பட்டியல் ஒன்று தோன்றிற்று. அதிலே தமிழும் இருந்தது.

அருகிலிருந்த மாணவியும் அவளுடைய தம்பியும் அதனைக் கண்டு மகிழ்ந்ததை மறைக்க வேண்டியதில்லை, நாமும் மகிழ்ந்தோம். வரைகலைத் திரையைத் தேர்ந்தோருக்கே தமிழ் கிடைக்கும். வெறும் எழுத்துத் திரை நம் எழுத்துக்களின் வடிவங்களைத் தாங்கவல்லதன்று. தமிழைத் தேர்ந்தோம். இடம், நேரம், பயனர் பெயர், கடவுச்சொல் என்று கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. வன்தட்டைப் பகுதிகளாகப் பிரித்து, நினைவகம் போதாத வேளையிற் கைகொடுப்பதற்கென ஒரு சிறு பகுதியை ஒதுக்கினோம். எக்ஸ்எப்சீஈ என்னும் எளிய மேசைத்தளத்தைத் தேர்ந்தோம். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கிய வேலை ஐந்து மணியளவில் முடிந்தது. அதிற் பெரும்பொழுது இணைய இணைப்பின் மந்தகதியாற் கழிந்தது. முன்பு தேநீர் ஆறும்வரை காத்திருக்கச் செய்த கணினி, இப்பொழுது தேநீர் ஆறுமுன் ஆயத்தமாயிற்று. கட்டுரை எழுதலாம், கணக்குத் தாள் ஆக்கலாம், பாடக் காணொளி பார்க்கலாம். இணையப் பக்கங்கள் பலவற்றை ஒருங்கே திறப்பின் திணறும் என்பதையும் கூறிவைத்தல் நேர்மையாகும். மென்பொருள் மெலிந்தாலும், இன்றைய இணையப் பக்கங்களின் பருமன் மெலியவில்லை.

இம்முறைமை வெறும் இலவசப் பொருளன்று. நீண்டதொரு போராட்டத்தின் விளைவு. அவ்வரலாற்றைத் தமிழ் கற்றோர் அறிதல் தகும். டெபியனின் மூதாதையான யுனிக்ஸ், 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோராற் தொடங்கப்பட்டது. அவர்களுக்குப் புதிய இயந்திரம் வாய்க்கவில்லை. அதிகம் எவரும் பயன்படுத்தாத பிடிபி 7 என்னும் பழைய கணினியொன்றிலேயே அது பிறந்தது. அதன் நினைவகத்தைக் கணக்கிட்டால், அம்மாணவி வீட்டுக் கணினி அதனை ஓர் இலட்சம் மடங்கிற்கு மேல் விஞ்சும். போதாத கருவியிற் பிறந்த காரணத்தாற்போலும், சிறிய கருவிகள் பலவற்றை ஒன்றோடொன்று கோத்து வேலை வாங்கும் சிக்கனம் அதன் இயல்பாயிற்று. யுனிக்ஸ் வழிவந்த முறைமை பழைய கணினியிற் பொருந்தி இயங்குவது தற்செயல் நிகழ்ச்சியன்று.

அக்காலத்தில் பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளரான ஏடி அன்ட் ரி நிறுவனம், 1956ஆம் ஆண்டு நீதிமன்ற இணக்கத்தின்படி தொலைத்தொடர்பு தவிர்ந்த வேறு வணிகங்களில் ஈடுபட இயலாதிருந்தது. அதனால் யுனிக்ஸின் மூல நிரல் குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. அவ்வாறு பெற்ற நிரலை அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஆசிரியர் ஜோன் லயன்ஸ், 1976ஆம் ஆண்டளவில் தம் மாணவருக்குப் பாடமாக வைத்தார். நிரலை வரி வரியாக அச்சிட்டு, அதற்கு விளக்கமும் எழுதினார். நம் மரபிற் கூறுவதாயின், மூலத்திற்கு உரை செய்தார். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமமோ, மூலத்தைக் கொண்டு வகுப்பிற் பாடஞ் சொல்வதைத் தடைசெய்தது. லயன்ஸின் உரைநூல் கைக்குக் கை நிழற்பிரதியாகவே உலவிற்று. 1996ஆம் ஆண்டிலேதான் முறையாக அச்சேறிற்று. இருபதாண்டுக் காலம் மாணவர் படியெடுத்துப் படியெடுத்து ஓர் உரையைக் காப்பாற்றினர் என்பது, ஏட்டுப் பிரதிகளின் வரலாறு அறிந்த நமக்கு எவ்வளவு அண்மையான செய்தி!

வலிகாமத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887ஆம் ஆண்டு நச்சினார்க்கினியர் உரையுடன் கலித்தொகையைப் பதிப்பித்தபோது செய்தது யாது? சிலரது பெட்டகத்துள் இருந்த மூலத்தையும் உரையையும் பலரது கைக்கு மாற்றினார். ஏடு வைத்திருந்தோர் எல்லோரும் அதனை ஓதி உணர்ந்தவர்களல்லர். உடைமை என்ற காரணத்தாலேயே பூட்டி வைத்தோரும் இருந்தனர். செல்லும் கறையானும் அரித்ததற்கு ஓலையின் இயல்பு மட்டுமன்று, அப்பூட்டும் பொறுப்பாகும். மூல நிரலை மறைத்து வைத்து இயங்கும் வடிவத்தை மட்டும் விற்கும் வணிகம் அப்பூட்டின் புதிய வடிவமேயாகும்.

இப்பூட்டை எதிர்த்து 1983ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனு திட்டத்தை அறிவித்தார். எந்நோக்கத்திற்கும் இயக்குதல், மூலத்தைக் கற்று மாற்றுதல், பிறருக்குப் படி கொடுத்தல், மாற்றியதையும் பகிர்தல் என்னும் நான்கு உரிமைகளை அவ்வியக்கம் வற்புறுத்திற்று. 1989இல் வந்த அதன் பொது உரிமம், இவ்வுரிமைகளைப் பெற்றவர் அவற்றைப் பிறருக்கு மறுத்தலாகாது என்று விதித்தது. 1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தம் வீட்டுக் கணினிக்கென எழுதிய லினக்ஸ் கரு, அடுத்த ஆண்டில் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. குனுவின் கருவிகளும் லினக்ஸ் கருவும் சேர்ந்ததே நாம் தெல்லிப்பழையில் நிறுவிய முறைமை. பொதுவுடைமை பற்றிப் பேசும் நாம், எழுத்தாலான ஓர் உற்பத்திக் கருவி உலகளாவிய பொதுச்சொத்தாகப் பேணப்படும் இந்நிகழ்ச்சியைக் காணாதிருப்பது முறையாகாது.

இதுவரை கூறியது புகழ்ச்சி. புகழ்ச்சியோடு நின்றுவிடுவது விமரிசனமாகாது.

நிறுவிய மூன்றாம் நாள் அம்மாணவி பாடசாலையில் நம்மிடம் வந்து, "சேர், இதை இங்கிலீசுக்கு மாத்தித் தாங்கோ" என்றாள். தமிழாசிரியர் ஒருவருக்கு இதைக்காட்டிலும் கசப்பான வேண்டுகோள் இருத்தல் அரிது. அவளை மொழிப்பற்றில்லாதவள் என்று கடிந்துகொள்வது எளிது. மேடைகளிற் பலர் அதனையே செய்கின்றனர். நாம் காரணத்தைக் கேட்டோம். அவள் கூறியவை நான்கு. பாடநூலிற் படித்த சொல் வேறு. திரையிற் காணும் சொல் வேறு. ஒரு பட்டியலிற் பாதி தமிழாகவும் பாதி ஆங்கிலமாகவும் இருக்கின்றது. சில வாக்கியங்களை இருமுறை வாசித்தும் செய்ய வேண்டியது விளங்கவில்லை. ஏதேனும் தடைப்பட்டால் உதவி தேடுவதற்கு ஆங்கிலச் சொல்லே வேண்டியிருக்கின்றது. இந்நான்கும் ஒரு வாசகியின் நியாயமான விமரிசனம் என்பதை நாம் ஒப்புக்கொண்டோம்.

முதலாவதை நோக்குவோம். நம் நாட்டுப் பாடநூல் பணிசெயல் முறைமை என்பதைத் தமிழ்நாட்டார் இயங்குதளம் என்பர். நம் மாணவர் சாவிப்பலகை என்று படிப்பது அங்கே விசைப்பலகை. நம் அலுவலகங்களிற் கோவை என்று வழங்குவது திரையிற் கோப்பு. இவற்றுள் எது சிறந்தது என்ற வழக்கு நமக்கு வேண்டியதன்று. பாக்கு நீரிணையின் இருகரையிலும் இருவேறு கல்வித் துறைகள் ஒன்றையொன்று கேளாமல் சொல்லாக்கம் செய்ததன் சுமை, பரீட்சை எழுதும் பிள்ளையின் தலையில் இறங்குகின்றது என்பதே வழக்கு.

சொற்களின் தரமும் ஒன்றுபோலில்லை. கடவுச்சொல் என்பதை எவரும் தடுமாறாமல் வாசித்தனர். கடவுச்சீட்டு அவர்கள் அறிந்த சொல். மென்பொருட் கட்டினைப் பொதி என்றது மிகப் பொருத்தம். தபாற் கந்தோரிற் பொதி பெறாதவர் நம்மில் யார்? ஆனால் வேறொன்றை நாம் தேராவிடின் கணினி தானே கொள்ளும் அமைப்பை முன்னிருப்பு என்று மொழிபெயர்ப்புக்களில் வழங்குவதைக் கண்டபோது, மாணவியின் தம்பி, "முன்னிருப்பு எண்டால் பாங்கியிலை கிடக்கிற காசோ, சேர்?" என்றான். அவன் பிழையாக வாசிக்கவில்லை. இருப்பு என்னுஞ் சொல் அவன் வாழ்விற் கொண்டுள்ள பொருளோடு வாசித்தான். சொல்லை ஆக்கியவர் அவ்வாழ்வைக் கேட்டறியவில்லை.

வாக்கியங்களின் குறை இதனினும் பாரதூரமானது. பல இடங்களில் ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு தமிழ்ச் சொற்களைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றது. வன்தட்டு அழிக்கப்படப் போகின்ற அந்தக் கணத்திலே தமிழ் மிகத் தெளிவாக இருந்திருத்தல் வேண்டும். அங்கேயே அது மிகத் தடுமாறிற்று. "அப்பான்ரை உறுதி அழிஞ்சிடுமோ?" என்று மாணவி கேட்டாள். நாம் படியெடுத்து வைத்திருந்தமையால் அஞ்சவேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆசிரியர் அருகில் இல்லாத வீட்டில் அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது அத்திரையே. "இதற்குமேற் சென்றால் இத்தட்டில் உள்ளவை யாவும் அழியும், மீளப் பெற முடியாது" என்று எழுதுவதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. வாசிப்பவர் எதனை இழக்கக்கூடும் என்ற நினைவு வேண்டும். எழுத்தில் மனிதநேயம் என்று நாம் ஓயாது பேசுவது இதுவேயன்றி வேறன்று.

மொழிபெயர்ப்பாளர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துதல் நம் கருத்தன்று. கூலியின்றி, தம் உறக்கத்தை விற்று, பல்லாயிரம் வாக்கியங்களைத் தமிழாக்கியோர் அவர்கள். அவர்களின்றேல் மொழிப்பட்டியலிலே தமிழே இராது. குறை அவர்களது உழைப்பிலன்று. அவ்வுழைப்பு வாசகரைச் சந்திக்காமல் நின்றுவிட்டதில் இருக்கின்றது.

நம் அயலிலேயே இதற்கு மாறான முன்னுதாரணம் ஒன்றுண்டு. மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். தம் மாணவரோடு சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1875இல் வெளிவந்த அவரது வேதியியல் நூலின் பெயர் கெமிஸ்தம். இன்று அச்சொல் வழக்கில் இல்லை, இரசாயனவியல் என்கின்றோம். அது தோல்வியன்று. அவர் ஆக்கிய சொற்களுக்கு முன்னே மாணவர் இருந்தனர். மாணவருக்கு முன்னே நோயாளிகள் இருந்தனர். விளங்காத சொல் வகுப்பிலேயே வெளிப்பட்டுவிடும். சொல் மாறலாம், சொல்லைச் சோதிக்கும் வகுப்பு மாறாதிருத்தல் வேண்டும். கட்டற்ற மென்பொருளின் தமிழுக்கு இன்று இல்லாதது அவ்வகுப்பே.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் மீதும் நமக்கு வினாக்கள் உண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல், உலகின் மிகவிரைவான 500 கணினிகளின் பட்டியலிலுள்ள யாவும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நம் மாணவர் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியின் கருவும் லினக்ஸே. ஆயினும் அத்தொலைபேசியைத் திறந்து மாற்றும் உரிமை அவர்களிடம் உண்மையில் இருக்கின்றதா? பொதுச்சொத்தாக எழுதப்பட்ட மூலத்தின்மேல் பெருமூலதனம் தன் மாளிகையைக் கட்டிக்கொண்டது. லினக்ஸ் கருவை வளர்ப்போரிற் பெரும்பாலோர் இன்று பெரு நிறுவனங்களிற் சம்பளம் பெறுவோரே. பழைய கணினியைக் காக்கும் பெருமையும் எல்லைக்குட்பட்டது. நாம் நிறுவிய டெபியன் 13, 32 பிற்றுக் கணினிகளில் நிறுவும் வசதியை விட்டுவிட்டது. அம்மாணவியின் கணினி இன்னும் சில ஆண்டுகள் மூத்ததாக இருந்திருப்பின், முந்திய பதிப்பையே நாடியிருப்போம். பேணுவதற்கு ஆளில்லாதபோது திறந்த மூலமும் கைவிடும். வேறுபாடு யாதெனின், இங்கே கைவிடப்பட்டதை வேறொருவர் சட்டப்படி கையிலெடுக்கலாம். அங்கே அதுவும் இயலாது.

உரிமை தாளில் இருப்பதற்கும் கையில் இருப்பதற்கும் உள்ள தூரத்தை நம்மூரவர்க்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. சாதியின் பெயராற் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆயினும் 1968ஆம் ஆண்டு, நம் அயலூராகிய மாவிட்டபுரத்துக் கோயிலின் வாயிலில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்வதற்காகப் போராட வேண்டியிருந்தது. சட்டம் திறந்த கதவை மனிதர் மூடி நின்றனர். இரண்டு கொடுமைகளும் ஒரே அளவின என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அப்போராட்டத்தைச் சிறுமைப்படுத்தும். ஆனால் அது கற்பித்த பாடம் இங்கும் பயன்படும். கதவு திறந்திருக்கின்றது என்ற அறிவிப்பு நுழைவாகாது. உரிமம் நான்கு உரிமைகளையும் அளித்துவிட்டது. ஆங்கிலமும், இணையச் செலவும், கற்பிப்பார் இன்மையும் வாயிலில் நிற்கின்றன.

இவற்றோடு நம் சொந்தப் பழக்கமும் நிற்கின்றது. நாம் பல்லாண்டுகளாகத் தட்டெழுதிய வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் உள்ளவை. ஆங்கில எழுத்துக்களின் குறியீட்டின்மேல் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்த ஏற்பாடு அது. அவ்வெழுத்துரு இல்லாத புதிய முறைமையில் அத்தாள்களைத் திறந்தபோது, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே வரிசைகட்டி நின்றன. குற்றம் டெபியனுடையதன்று. ஒருங்குறி வந்து பல்லாண்டுகளாகியும், இலங்கைக்குரிய ரெங்கநாதன் விசையமைப்பு இம்முறைமையிலேயே கிடைக்கும்போதும், கைப்பழக்கத்தை மாற்றச் சோம்பிய நம்முடையது. மாணவியின் வேண்டுகோளைக் கேட்டு மனம் வருந்திய நாமே, தமிழை ஆங்கிலக் குறியீட்டுள் அடைத்து வைத்திருந்தோம்.

ஆகவே செய்யவேண்டியது யாது? மூலம் திறந்திருக்கின்றது, உரை இல்லை. நம் மொழியிலே, நம் மாணவரின் பாடநூற் சொற்களோடு இணங்கி, நம் வீட்டுக் கணினிகளின் பழுதுகளை அறிந்து எழுதப்பட்ட உரை வேண்டும். அதனை எழுதவேண்டியோர் கணினி வல்லுநர் மட்டுமல்லர். உரையாசிரியர் மரபில் வந்தோம் என்று பெருமை பேசும் தமிழாசிரியரும் எழுதுதல் வேண்டும். மைய அரசின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்குக் கேரளம் ஒரு சான்று. 2001ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய பாடசாலைத் தகவல் தொழினுட்பத் திட்டம், அத்தசாப்தத்திற்குள்ளேயே கட்டற்ற மென்பொருளைத் தழுவிற்று. பாடசாலை ஆசிரியர்களே சக ஆசிரியர்க்குப் பயிற்றுநராயினர். வலுவான ஆசிரியர் சங்கங்களும் வாசிகசாலை மரபும் கொண்ட நம் மண்ணில் இதன் சிறியதொரு பகுதியேனும் இயலாததன்று.

நாம் அம்மாணவியின் கணினியை ஆங்கிலத்திற்கு மாற்றிக் கொடுத்தோம். பரீட்சை நெருங்கியிருந்தது, நம் கொள்கைக்காக அவள் காலத்தை விரயமாக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தோம். ஓர் அப்பியாசக் கொப்பியில், தனக்கு விளங்காதிருந்த தமிழ்ச் சொற்களையும் வாக்கியங்களையும் எழுதி, அவற்றுக்கு எதிரே தான் எவ்வாறு சொல்வாள் என்பதையும் எழுதித் தருமாறு கேட்டோம். இரண்டு கிழமைக்குள் தம்பியின் கையெழுத்தும் சேர்ந்து பதினொரு பக்கம் வந்தது. அதிற் சில, மொழிபெயர்ப்பாளருக்கு அப்படியே அனுப்பத்தக்கவை, சில நகைப்புக்குரியவை, இரண்டொன்று நமக்கே தோன்றாத அழகுடையவை. முன்னிருப்பு என்பதற்கு எதிரே, "சொல்லாட்டி இது" என்று எழுதியிருந்தாள். கலைச்சொல்லாக அது நிலைக்குமோ என்னவோ, பொருளை அது விட்டுவிடவில்லை.

விண்டோஸ் திரையில் விளங்காத வாக்கியம் ஒன்றைக் காணும் மாணவி அதனைச் சகித்துக்கொள்ளலாம், அவ்வளவே. டெபியன் திரையிற் காண்பவள் அதனைத் திருத்தி அனுப்பலாம். திருத்தம் ஏற்கப்படின், அடுத்த பதிப்பில் உலகின் எந்த மூலையிலும் தமிழைத் தேர்ந்த ஒருவர் அவளுடைய வாக்கியத்தை வாசிப்பார். பழைய கணினி விரைவாக இயங்குகின்றது என்பது சிறு நன்மை. வாசகி திருத்துநராகும் வழி திறந்திருக்கின்றது என்பதே பெரு நன்மை. அவ்வழியில் நடப்பதும் நடவாதிருப்பதும் நம் கையில் உள்ளது. அப்பதினொரு பக்கங்களும் இப்பொழுது நம் மேசையில் இருக்கின்றன. அடுத்த தவணை விடுமுறையில், உயர்தர மாணவர் சிலரோடு உட்கார்ந்து அவற்றைத் தட்டெழுத்தில், ஒருங்குறியில், அமைக்கத் தொடங்குவோம். பழைய கணினியும் ஓய்வுப் பொழுதும் உள்ள ஆசிரிய நண்பர்கள் தத்தம் ஊரில் இதனையே செய்வார்களாயின், உரை தானே வளரும்.